கண்டி வாவியில் மீனா பார்த்தவை

1

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, மீனாட்சியின் அப்பா கண்டியிலிருந்து எழுதுவது.

உங்கள் வாத்தியார் ஐயா எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், இலங்கையில் பார்த்ததை எல்லாம் மீனா வகுப்பில் சொன்னாளாம். கண்டியில் மழை இல்லாதபோதும் ஆட்கள் குடை பிடித்து நடப்பார்கள் என்றாளாம். மீன் கரைக்கு வந்து வாயைத் திறக்கும், யாரும் பிடிக்கமாட்டார்கள் என்றாளாம். ஆள் நீளத்துக்கு ஓர் உடும்பு ரோட்டைக் கடக்கும், அதற்காகப் பஸ் நிற்கும் என்றும், அந்த உடும்பை நான் வாலைப் பிடித்துச் சுழற்றித் தண்ணீரில் எறிந்தேன் என்றும் சொன்னாளாம். நீங்கள் சிரித்தீர்களாம். "சிலோன் புளுகு" என்று யாரோ ஆரம்பித்துவைக்க, வகுப்பே சேர்ந்து சொன்னதாம். அன்றிலிருந்து மீனா கேட்ட கேள்விக்குக்கூடப் பதில் சொல்வதில்லை என்று ஐயா எழுதியிருக்கிறார். 'நீங்கள் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி அனுப்பினால் வகுப்பில் சத்தமாகப் படித்துக்காட்டுகிறேன்' என்றும் எழுதியிருக்கிறார்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். ஜவுளிக் கடையில் கெஜக்கோல் பிடித்து நிற்கிற வேலை. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி நாலு வரியில் கடிதத்தை முடித்துத்தான் பழக்கம். அதற்கு மேல் எழுதினால் கை வேர்க்கிறது. ஆனாலும் என் பிள்ளை பொய்க்காரி என்று பெயர் எடுத்து உட்கார்ந்திருக்கும்போது நான் இங்கே சும்மா இருக்க முடியாது. எனவே எழுதுகிறேன். அவள் சொன்னது சரியாக இருக்கும் இடத்தையும் எழுதுவேன், சரியில்லாத இடம் வந்தால் அதையும் எழுதுவேன். இரண்டையும் எழுதினால்தானே நீங்கள் நம்புவீர்கள்.

உங்களில் பல பேருடைய அப்பாவும் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். பினாங்கோ, சிங்கப்பூரோ, கொழும்போ. அதனால் நான் சொல்வதில் பாதி உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

2

முதலில் மீனாவும் அவள் அம்மா பார்வதியும் வந்து இறங்கியதைச் சொல்ல வேண்டும்.

அவர்களைக் கூட்டிவர நான் தலைமன்னாருக்கே போயிருந்தேன். கப்பல் துறையில் ஒரு நீளக் கொட்டகை. வரிசையாக நின்று பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். மேசையில் இருந்த அதிகாரி சிங்களவர். பக்கத்தில் தமிழ் பேசுவதற்காக யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவர். அதிகாரி மீனாவின் படத்தைப் பார்த்தார், மீனாவைப் பார்த்தார், பிறகு கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். ஏதோ கேட்டார். குமாஸ்தா குனிந்து மீனாவிடம், "பிள்ளை, அங்கை நிக்கிற அவர் ஆர்? சொல்லு பாப்பம்" என்றார்.

மீனா அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அவுக" என்றாள்.

"அவுக எண்டால் ஆர்?"

"அதான், அவுக."

"உனக்கு என்ன முறை எண்டு கேக்கிறன்."

"எங்கம்மா அவுகன்னுதான் சொல்லும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பார்வதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குமாஸ்தா நல்ல மனுஷர். சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொன்னார். அதிகாரியும் சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார்.

பிள்ளைகளே, இதில் மீனா மேல் ஒரு குற்றமும் இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும். புருஷன் பெயரை எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வதில்லை. 'அவுக காகிதம் போட்டிருக்காக', 'அவுக வர்ற வருஷம் வருவாக' என்றுதான் பார்வதி பேசுவாள். மீனாவின் மாமா, என் மச்சினன், என்னை மச்சான் என்பார். வீட்டில் என்னை அப்பா என்று சொல்ல வேண்டியவள் மீனா ஒருத்திதான். அவளுக்கு அதை யார் சொல்லிக் கொடுப்பது? காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டாள். மீனா பிறந்தபோது நான் இங்கே. முதன்முதலில் நான் பார்த்தபோது அவள் நடந்து வந்து, என்னைக் கண்டதும் திரும்பி ஓடி மாமா காலைக் கட்டிக்கொண்டாள். காது குத்தியது மாமா மடியில். அது முறை. காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடியதும், உங்கள் பள்ளியில் கொண்டுவந்து சேர்த்ததும் அதே மாமாதான். அவர் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர் நன்றாகச் செய்ததனால்தான் நான் இல்லாதது அவளுக்குத் தெரியவே இல்லை.

ராத்திரி ரயிலில் வந்து, பொல்காவலையில் வண்டி மாறி, மலை ஏறி விடிந்தபோது கண்டிக்கு வந்தோம். ஒரு மாத விசா. அதற்குள் போலீஸ் நிலையத்தில் போய்ப் பெயர் பதிய வேண்டும். பாரத்தில் 'உறவு' என்று ஓர் இடம் விட்டிருந்தார்கள். நான் அதில் 'தந்தை' என்று எழுதினேன். மீனா என் முழங்கைக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

அன்று மனசுக்குள் ஓர் ஆசை வைத்தேன். இந்த ஒரு மாதத்தில் என் பிள்ளை என்னை ஒரு தடவையாவது அப்பா என்று கூப்பிட்டுவிட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

3

இனி வாவிக்கு வருகிறேன்.

கண்டி நகரத்தின் நடுவில், புத்த கோயிலுக்கு முன்னால், ஒரு பெரிய குளம் இருக்கிறது. வாவி என்பார்கள். நம் கண்மாய் மாதிரி கோடையில் வற்றாது. சுற்றிலும் சுவர், சுவருக்கு வெளியே நடைபாதை, அதை ஒட்டி ரோடு. நடைபாதை முழுக்க மாரா மரங்கள். நம் பக்கம் தூங்குமூஞ்சி மரம் என்போமே, அதுதான். அந்த மரங்களில்தான் கொக்கும் நீர்க்காகமும் வக்காவும் கூடு கட்டியிருக்கின்றன. ஒரு மரத்தில் ஒரு கூடு, இரண்டு கூடு இல்லை. ஊர் மாதிரி நெருக்கியடித்துக் கட்டியிருக்கும். சண்டை, கூச்சல், பிள்ளை அழுகிற சத்தம், எல்லாம் உண்டு. கீழே நடக்கிறவன் தலையில் என்ன விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் குடை. முதல் விஷயத்தில் மீனா சொன்னது முழு உண்மை. பட்டுச் சேலை கட்டிய அம்மாவும், கோட்டு போட்ட வக்கீலும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வானம் தெளிந்திருக்கும்போதே அந்த மரத்தடிக்கு வந்ததும் குடையை விரிப்பார்கள். மரம் முடிந்ததும் மடக்குவார்கள். புதிதாக வந்தவர்கள் மட்டும் விரிக்கமாட்டார்கள். அவர்களைப் பார்த்தாலே தெரியும்.

எங்கள் கடைக்கு எதிரில் அஸீஸ் நானா குடைக்கடை வைத்திருக்கிறார். பக்கத்தில் அலவத்துகொடை என்ற ஊர்க்காரர். தினம் பஸ்ஸில் வந்து போகிறவர். இங்கே எனக்கென்று பேச இருக்கிற ஆள் அவர்தான். அவர் பேச்சில் நானா என்றால் அண்ணன், வாப்பா என்றால் அப்பா, ஈக்கி என்றால் இருக்கிறது. மீனாவை முதல் நாள் பார்த்ததுமே கூப்பிட்டார்.

"இதுவா மகள்? வாப்பாட மூக்கு அப்படியே ஈக்கி. வாவி பாக்கவா போறீங்க மகள்? குடையில்லாம போகாதீங்க. மேல ஈக்கிறவன் நேரங்காலம் பாக்கமாட்டான்."

"மழையா?" என்று கேட்டாள் மீனா.

"மழைண்டா நல்லமே. கொக்கு! அவன்தான் எனக்குப் பங்காளி. அவன் மேல இருந்து கொட்டுவான், நான் கீழ இருந்து விப்பன். ஆனா லாபத்துல பங்கு கேக்கமாட்டான், நல்லவன்."

மீனா வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். அவர் ஒரு சின்னக் குடையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார். இப்போது அவள் பள்ளிக்குக் கொண்டுவரும் கறுப்புக் குடை அதுதான். பிடியைப் பாருங்கள், கொக்கு மூக்கு மாதிரி வளைந்திருக்கும்.

4

இங்கே எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை. நிலாவைப் பார்த்து வருகிற போயா நாள்தான் வார லீவு. அமாவாசை, பௌர்ணமி, இடையில் வருகிற அட்டமிகள். இந்த வாரம் செவ்வாய் என்றால் அடுத்த வாரம் புதனாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கண்மாய்க் கரையில் ஆட்டம் போடும்போது நான் சீத்தைத் துணி அளந்துகொண்டிருப்பேன். நான் சும்மா இருக்கும் நாளில் நீங்கள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருப்பீர்கள். கடல் நடுவில் இருப்பது போதாதென்று நாளும் சேராமல் போய்விட்டது.

அதனால் போயாவுக்குக் காத்திருக்காமல், கடை திறக்கும் முன்பே தினமும் காலையில் மூவரும் வாவிக்குப் போவோம். அந்த ஒரு மாதம் என்னோடு அறையில் தங்கும் இரண்டு பேரும் கடை மச்சுக்குப் படுக்கப் போய்விட்டார்கள். "குடும்பம் வந்திருக்கு, நீங்க இருங்க அண்ணே" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அதை நான் மறக்கமாட்டேன்.

வாவியில் மீனாவுக்குப் பொழுது போவதே தெரியாது. ஆமை கட்டையில் ஏறி வெயில் காயும். நீர்க்காகம் முங்கி எழுந்து, ஈரச் சட்டையைக் கொடியில் போட்டது மாதிரி இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கும். பொரியைப் போட்டால் மீன் கூட்டமாக வந்து வாயைத் திறக்கும். கோயில் குளம் மாதிரி என்பதால் யாரும் தூண்டில் போடக்கூடாது. அதனால் மீனுக்குப் பயமே கிடையாது. இரண்டாவது விஷயமும் உண்மை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் கேள்வியெல்லாம் அம்மாவிடம்தான் போகும். பதில் தெரியாமல் பார்வதி, "அவுககிட்டக் கேளேண்டி" என்பாள். மீனா கேட்கமாட்டாள்.

"ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? அப்பான்னு கூப்பிட்டுக் கேளு."

நான் பார்வதியைத் தடுத்துவிட்டேன். கட்டாயத்தின் பேரில் வந்தால் அது எனக்கு வேண்டாம் என்று இருந்தது. நான் பாட்டுக்கு மரத்தைப் பார்த்துப் பதில் சொல்வேன். அவள் பாட்டுக்குத் தண்ணீரைப் பார்த்துக் கேட்டுக்கொள்வாள். கொஞ்ச நாள் இப்படியே ஓடியது.

ஒருநாள் ஒரு கொக்குக் கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு கொக்கு அடையில் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று எங்கிருந்தோ பறந்து வந்து இறங்கியது. வாயில் ஒரு குச்சி. அதை உட்கார்ந்திருந்த கொக்கின் முன்னால் நீட்டியது. அது வாங்கிக் கூட்டில் செருகிவிட்டு, பிறகுதான் எழுந்து இடம் கொடுத்தது. இத்தனை வருஷம் அந்த மரத்தடியில் நடந்திருக்கிறேன், இதை நான் கவனித்ததே இல்லை. மீனாதான் கண்டுபிடித்தாள்.

"அது ஏன் குச்சி கொண்டாருது?"

யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. நான் பதில் சொன்னேன். "குச்சி இல்லாம வந்தா உள்ள விடமாட்டாகளோ என்னவோ."

மீனா என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "அதும் சிலோன்ல இருந்து வருதா?"

பார்வதி சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். ஊருக்கு வரும்போது நான் பெட்டி நிறையச் சாமானோடு வருவது உங்களுக்குத் தெரியும். சவுக்காரம், துணி, டார்ச்சு லைட்டு, மீனாவுக்குக் கவுன். பெட்டியைத் திறக்கும் வரை எல்லோர் கண்ணும் பெட்டியில் இருக்கும். திறந்து முடிந்த பிறகுதான் 'இளைச்சுட்டீகளே' என்று என்னைப் பார்ப்பார்கள். பிள்ளை அதைப் பார்த்து வைத்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே வந்தேன். கடை வாசலுக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஆனால் அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். கேலியாக இருந்தாலும் பேச்சு பேச்சுதானே. அதற்குப் பிறகு என் பேச்சையும் கேலி செய்யத் தொடங்கினாள். நான் நாற்காலியைக் கதிரை என்கிறேனாம். ரொட்டியைப் பாண் என்கிறேனாம். சோப்பைச் சவுக்காரம் என்கிறேனாம். "அம்மா, அவுக என்னமோ பாஷ பேசுறாக" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பாள். தமிழ்தான் பேசுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது.

5

இனி அந்த உடும்பு.

அதற்கு இங்கே கபரகொய்யா என்று பெயர். நம் ஊர் உடும்புக்குப் பெரியப்பா முறை. கறுப்புத் தோலில் மஞ்சள் புள்ளி. நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். தண்ணீரிலும் போகும், தரையிலும் போகும். தரையில் போகும்போது அதற்கு ஓர் அவசரமும் கிடையாது, நாட்டாண்மை மாதிரி நடக்கும். ரோட்டின் நடுவில் அது போனதையும், அதற்காகப் பஸ் நின்றதையும் நானும் பார்த்தேன். டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்ததையும் பார்த்தேன். பஸ்ஸுக்குள் இருந்த யாரும் கோபப்படவில்லை. இது மூன்றாவது விஷயம்.

நீளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாலோடு சேர்த்தால் ஆள் நீளம் இருக்கும், அது சரி. ஆனால் மீனா கையை விரித்துக் கன்றுக்குட்டி அளவு என்று காட்டியதாக ஐயா எழுதியிருக்கிறார். அது கொஞ்சம் கூடுதல். வாலை விட்டுவிட்டால் ஆட்டுக்குட்டி என்று சொல்லலாம். மீனா, கோபித்துக்கொள்ளாதே. பார்த்ததைப் பார்த்தபடி எழுதச் சொல்லியிருக்கிறார்.

அவர்கள் ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் வந்த கடைசிப் போயா அன்று காலை நடந்ததுதான் உங்களுடைய நாலாவது விஷயம்.

வாவிச் சுவரில் ஓரிடத்தில் தண்ணீருக்குள் இறங்கும் படிகள் உண்டு. மீனா மேல்படியில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தாள். பார்வதி சற்றுத் தள்ளிப் பெஞ்சில் இருந்தாள். நான் நடைபாதையில் கடலைக்காரனிடம் நின்றேன். மேலே கூட்டிலிருந்து ஒரு கொக்குக் குஞ்சு கீழ்ப்படியில் விழுந்து கிடந்திருக்கிறது. நாங்கள் யாரும் பார்க்கவில்லை. கபரகொய்யா பார்த்திருக்கிறது. சுவர் ஓரமாக இருந்த வாய்க்கால் ஓட்டையிலிருந்து வெளியே வந்து, படியை நோக்கி வந்திருக்கிறது. மீனா திரும்பிப் பார்த்தபோது அது அவளுக்கு ஒரு கை தூரத்தில்.

அவள் கத்திய கத்து வாவியின் அந்தக் கரைக்குக் கேட்டிருக்கும்.

"மாமா! மாமா!"

பிள்ளைகளே, இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதித்தான் ஆக வேண்டும். பயம் வந்தால் வாய் பழகின பெயரைத்தான் கூப்பிடும். வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களில் அப்பா வெளியூரில் இருக்கிற பிள்ளை எதுவானாலும் அதைத்தான் செய்திருக்கும். மாமாவையோ தாத்தாவையோ கூப்பிட்டிருக்கும். கூப்பிட்ட ஆள் கடலுக்கு அந்தப் பக்கம் கண்மாய்க்கரையில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்திருப்பார். இந்தப் பக்கம் ஓடக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். எனவே நான் ஓடினேன்.

கடலைப் பொட்டலம் எங்கே விழுந்ததென்று தெரியாது. படியில் வழுக்கி, முழங்கை சுவரில் உரசிக்கொண்டு போய், மீனாவைத் தூக்கினேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தோளில் புதைத்துவிட்டாள். கபரகொய்யா தலையைத் தூக்கி ஒரு சீறு சீறியது. நான் அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. பின்னால் கால் வைக்க எனக்குத் தைரியம் இல்லை, படி ஈரம். முன்னால் போகவும் தைரியம் இல்லை. "போ, போ" என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அது குஞ்சைக் கவ்வியது, வாலால் படியில் ஓர் அடி அடித்தது, தொபுக்கென்று தண்ணீரில் குதித்தது. எங்கள் இருவர் மேலும் தண்ணீர் தெறித்தது.

"போயிருச்சா?" என்று தோளுக்குள்ளிருந்து கேட்டாள் மீனா.

"போயிருச்சும்மா."

"எங்க?"

"தண்ணிக்குள்ள."

அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். அது இருந்த இடம் காலியாக இருந்தது. தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை போய்க்கொண்டிருந்தது. என் முழங்கையில் ரத்தம் வழிந்து சட்டைக் கையில் இறங்கியிருந்தது. அதையே பார்த்தாள். இறங்கி நட என்று நான் சொல்லவில்லை, அவளும் இறங்குகிறேன் என்று சொல்லவில்லை. அறை வரைக்கும் தூக்கிக்கொண்டே வந்தேன். வயசுக்கு நல்ல கனம். மாமா நன்றாகத்தான் சோறு போட்டிருக்கிறார்.

வழியில் பார்வதி மெதுவாக, "கோவிச்சுக்கிறாதீக" என்றாள்.

"எதுக்கு?"

"மாமான்னு கத்துனதுக்கு."

"கத்துனா, ஆளு வந்துச்சுல்ல. அது போதும்" என்றேன். அப்படிச் சொன்னேன்.

அடுத்த வாரம் விசா முடிந்தது. நம் பக்கத்து ஆட்கள் சிலர் ஊருக்குப் போனார்கள், அவர்களோடு ரயில் ஏற்றிவிட்டேன். மீனா ஜன்னலில் உட்கார்ந்து மடியில் குடையை வைத்துக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்ததும் கையை ஆட்டினாள். வாய் திறக்குமா என்று பார்த்துக்கொண்டே பிளாட்பாரம் முடியும் வரைக்கும் நடந்தேன். கை மட்டும் ஆடியது.

6

இப்போது மரங்களில் கூடு காலி. குஞ்சுகள் பறந்துவிட்டன. குடைக்கும் வேலை குறைவு என்று அஸீஸ் நானா சலித்துக்கொள்கிறார். காலையில் நான் தனியாக வாவிக்குப் போகிறேன். முன்பும் தனியாகத்தான் போவேன், ஆனால் அப்போது அது தனிமையாகத் தோன்றவில்லை, காற்று வாங்குவதாகத் தோன்றியது. இப்போது ஆமையைப் பார்த்தால் இதைக் காட்ட ஆள் இல்லையே என்று இருக்கிறது. நேற்று ஒரு நீர்க்காகம் தன் வாய்க்குப் பெரிய மீனைப் பிடித்துவிட்டு விழுங்கவும் முடியாமல் விடவும் மனசில்லாமல் பட்ட பாட்டைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். பெஞ்சில் இருந்த சிங்களக் கிழவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். யாருக்காகச் சிரித்தேன் என்று எனக்கே கேள்வியாக இருந்தது.

"மகள் போன பொறகு நீங்களும் அந்த வக்கா மாதிரி ஒத்தக் கால்ல நிக்கிறீங்க" என்கிறார் அஸீஸ் நானா. அவர் பொழுது சாய்ந்ததும் பஸ் பிடித்து அலவத்துகொடைக்குப் போய்விடுவார். வீட்டில் பிள்ளைகள் வாப்பா வாப்பா என்று மேலே விழுவார்கள் போல. அதை அவர் சொல்வதில்லை. எனக்கு முன்னால் சொல்லமாட்டார்.

சரி, உங்கள் வழக்குக்கு வருகிறேன்.

குடை உண்மை. மீன் உண்மை. கபரகொய்யா உண்மை, பஸ் நின்றதும் உண்மை. நான் அதை வாலைப் பிடித்துச் சுழற்றி எறிந்தேனா? இல்லை. நான் அதைத் தொடவில்லை. பயந்துபோய் நின்றேன். அது தானாகப் போயிற்று.

ஆனால் மீனா பொய் சொல்லவில்லை. நன்றாக யோசித்துப் பாருங்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பெரிய சத்தம் கேட்டது. மேலே தண்ணீர் விழுந்தது. கண்ணைத் திறந்தால் கபரகொய்யா அங்கே இல்லை, தண்ணீரில் அலை போகிறது, என் கையில் ரத்தம். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கிற பிள்ளை வேறு என்ன நினைக்கும்? என்ன நடந்ததென்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. தானே ஒரு முடிவுக்கு வந்து, அதை ரயிலிலும் கப்பலிலும் வைத்துக்கொண்டு ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறாள். உங்களிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். எனவே இனி யாரும் அவள் பேச்சைப் புளுகு என்று சொல்லாதீர்கள். தப்பு இருந்தால் அது என் பேரில் இருக்கட்டும்.

ஐயா கடிதத்தில் அவள் பேச்சை அப்படியே எழுதியிருக்கிறார். 'எங்கப்பா அத வாலப் புடிச்சுத் தூக்கி எறிஞ்சுட்டாக' என்று அவள் எழுந்து நின்று சொன்னாளாம். அந்த வரியை மட்டும் நான் எத்தனையோ தடவை படித்துவிட்டேன். படித்துவிட்டு எழுந்து போய்த் துணி அளந்துவிட்டு மறுபடி வந்து படித்தேன். அந்த வார்த்தையை நான் இன்னும் அவள் வாயால் கேட்டதில்லை. எனக்கு முன்னால் நீங்கள் எல்லோரும் கேட்டுவிட்டீர்கள்.

உங்களில் எழுத வருகிற பிள்ளை யாராவது எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். கடை விலாசம் ஐயாவிடம் இருக்கிறது. கபரகொய்யாவைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். எங்கப்பா என்று சொன்னபோது மீனா அதைச் சத்தமாகச் சொன்னாளா, மெதுவாகச் சொன்னாளா, அதை மட்டும் எழுதுங்கள்.